அரை நூல் வித்தியாசம் தானேன்னு பழைய பிரேக் சாமானை மாட்டிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாள் முன்னாடி உங்க பேப்பர்ல பழைய கார் வச்சிருக்கறவங்க செலவை எப்படி குறைக்கலாம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்ல வரல. ஆனா அதுல ஒரு இடத்துல, சஸ்பென்ஷன் பிரேக் சாமானை செகண்ட் ஹேண்ட்ல வாங்கறப்ப உங்க மாடலுக்கு பொருந்துதான்னு பாத்துக்கோங்கன்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்கு தாவிட்டாரு எழுதினவர். எப்படி பாக்கறது, எதை வச்சு பாக்கறது, பொருந்தறதுன்னா என்ன, இதெல்லாம் யாரு சொல்றது? அதான் நான் எழுத உக்காந்துட்டேன், நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் மெக்கானிக் இல்லங்க. ரொம்ப வருஷமா பழைய காரையே ஓட்டிக்கிட்டு அதுக்கு அடியில படுத்து படுத்து சட்டையெல்லாம் கறையாக்கினவன், அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல எனக்கு உறைச்சது ஒண்ணே ஒண்ணு. சுத்தமா சேராத சாமானால யாருக்கும் ஒண்ணும் ஆகாது, ஏன்னா அது மாட்டவே மாட்டாது, திருப்பி குடுத்துட்டு வந்துடுவோம். கிட்டத்தட்ட சேர்ற சாமான் இருக்கு பாருங்க, போல்ட் எல்லாம் உக்காரும், வீலும் சுத்தும், வண்டியும் ஓடும், பிரேக்கும் பிடிக்கும், அதுதான் ஆளை கவுக்கறது. "மாட்டிப் பாத்தேன், உக்காந்துடுச்சு"ன்னு சொல்றது பிரேக் விஷயத்துல ஒரு சோதனையே கிடையாது.

ஆசாரிங்க, பிட்டருங்க எல்லாம் நூல் கணக்கு பேசுவாங்க இல்ல, ஒரு நூல்னா இஞ்சுல எட்டுல ஒண்ணு. அரை நூல்னா பதினாறுல ஒண்ணு, ஒன்றரை மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல. மரச் சட்டத்துல அரை நூல் குறைஞ்சா சீவல் வச்சு சமாளிச்சிடலாம். பிரேக்குல என்ன ஆகுதுன்னு பாருங்க. பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலை வீலுக்கு தள்ளி விடற மாஸ்டர் சிலிண்டர் இருக்கு இல்ல, பழைய கார்ல அதோட உள்துளை நிறைய வண்டில 13/16 இஞ்சு இருக்கும், அதே பாடியில 7/8 இஞ்சு துளையும் வரும், மில்லிமீட்டர்ல சொன்னா 20.64, 22.22. வித்தியாசம் சரியா அரை நூல். ரெண்டுத்துக்கும் வெளிய பாத்தா அதே ரெண்டு போல்ட், அதே டப்பா, அதே பைப் வாய். ஆனா பரப்பளவு விட்டத்தோட வர்க்கத்துல போறதால பெரிய துளைக்கு 16 சதவீதம் பரப்பு கூட, அப்ப முன்னாடி இருந்த அதே பிரேக் கிடைக்கணும்னா காலால 16 சதவீதம் கூட அமுக்கணும். இதுல கொடுமை என்னன்னா பெரிய துளை மாட்டினதும் பெடல் கம்மியா இறங்கும், கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், ஓட்டறவரு "ஆஹா பிரேக் சூப்பரா ஆயிடுச்சு"ன்னு சந்தோஷப்படுவாரு. ஆனா நிஜத்துல அதே மிதிக்கு பிரேக் குறைஞ்சு போயிருக்கும்.

பின் வீல் டிரம்முக்குள்ள பிரேக் ஷூவை தள்ளற வீல் சிலிண்டரும் இதே கதைதான், 11/16க்கும் 3/4க்கும் அரை நூல் தான் வித்தியாசம், மில்லிமீட்டர்ல 17.46, 19.05. பெரிசை மாட்டினா பின் பிரேக்கோட பலம் 19 சதவீதம் ஏறுது. ஏறினா நல்லதுதானேன்னு கேப்பீங்க. இல்லைங்க, பிரேக் அடிக்கறப்ப வண்டி முன்னாடி சாயும், பின் டயர் மேல பாரம் குறையும், அந்த நேரத்துல பின் வீல் முதல்ல லாக் ஆச்சுன்னா வண்டி பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வரப் பாக்கும், மழை ஈரத்துல கேக்கவே வேண்டாம். அதுக்காகத்தான் பின் பிரேக்குக்கு போற ஆயிலை அடக்கி அனுப்ப தனியா ஒரு வால்வே வச்சிருப்பாங்க, சில வண்டில பாரத்தை பாத்து கூட்டி குறைக்கற மாதிரி பின் ஆக்ஸில்ல ஒரு கம்பியோட இருக்கும். கம்பெனிக்காரன் கணக்கு போட்டு வச்ச பங்கை நாம ஒரு சின்ன சிலிண்டரை மாத்தி கலைச்சு விடறோம்.

இப்ப என் கதைக்கு வரேன். ஒரு பழைய காரை வாங்கினேன், வாங்கின நாள்ல இருந்து பிரேக் அடிச்சா இடது பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் பண்ணேன். டயரை இடம் மாத்திப் போட்டேன். மறுபடி அலைன்மென்ட். பேடு புதுசு போட்டேன், ஓஸ் புதுசு போட்டேன், ஒருத்தர் ஸ்டீயரிங் பாக்ஸையே மாத்துன்னாரு, நல்லவேளை கேக்கல. கடைசியில ஒரு நாள் சும்மா இருக்க முடியாம வீலோட சுத்தற இரும்புத் தட்டான டிஸ்க்கை பேடு வச்சு கவ்விப் பிடிக்கற காலிப்பரை ரெண்டு பக்கமும் கழட்டி, பேடை தள்ளற பிஸ்டனை வெளிய எடுத்து அளந்தேன், ஒண்ணு 51 மில்லிமீட்டர், இன்னொண்ணு 54. வெளிய பாடி ரெண்டும் ஒரே வார்ப்பு மாதிரி இருக்கு, பேடு ரெண்டுலயும் அதே பேடு உக்காருது, போல்ட் தூரமும் ஒண்ணு. எனக்கு முன்னாடி வச்சிருந்தவங்க எப்பவோ ஒரு பக்கம் காலிப்பர் ஜாம் ஆகி, கிடைச்சதை வாங்கி மாட்டியிருக்காங்க. 51ஐ 51ஆல பெருக்கினா 2601, 54ஐ 54ஆல பெருக்கினா 2916, இடது பக்கம் 12 சதவீதம் கூட பிடிக்குது, அப்புறம் இழுக்காம என்ன பண்ணும்? ஒரு வருஷம் நான் தேடினது எல்லாம் தப்பான இடம்.

இதுல இருந்து நான் புரிஞ்சிக்கிட்டது, நம்ம வண்டியில இப்ப இருக்கற சாமானையே சரியான சாம்பிள்னு நம்பக் கூடாது. பழைய காருக்கு மூணு நாலு கை மாறியிருக்கும், எந்தக் கை எதை மாட்டிச்சுன்னு யாருக்கு தெரியும். கழட்டின சாமானை கையில எடுத்துக்கிட்டு காயலான் கடைக்கு போய் இதே மாதிரி ஒண்ணு குடுங்கன்னு கேக்கறது நம்ம எல்லாருக்கும் பழக்கம், ஆனா அந்த "இதே மாதிரி" ஏற்கனவே தப்பா இருந்தா? அதனால மூணும் ஒத்துப் போகணும், நம்ம சேசிஸ் நம்பருக்கு பார்ட்ஸ் லிஸ்ட் சொல்ற நம்பர், வண்டியில இருக்கறது, வாங்கப் போறது. மூணுல ஒண்ணு இடிச்சா அன்னிக்கு வாங்காதீங்க, போய் இன்னொரு பக்கத்து வீலையும் அளந்துட்டு வாங்க.

வருஷம், மாடல் பேரு ரெண்டும் சொன்னா போதும்னு கடையில சொல்லுவாங்க, போதாது. ஒரே மாடல், ஒரே வருஷம், ஆனா பெட்ரோலுக்கு ஒரு டிஸ்க், டீசலுக்கு ஒண்ணு, பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் இருந்தா ஒரு நக்கிள் (வீலை தாங்கிப் பிடிக்கற துண்டு), இல்லன்னா ஒண்ணு, 13 இஞ்சு வீலுக்கு ஒரு காலிப்பர், 14க்கு ஒண்ணுன்னு வரும். வருஷத்து நடுவுல கம்பெனி மாத்தியிருப்பான், இந்த சேசிஸ் நம்பர் வரைக்கும் இது, அதுக்கு அப்புறம் அதுன்னு. ஒரே வண்டிக்கு ரெண்டு கம்பெனி காலிப்பர் சப்ளை பண்ணியிருக்கும், ஐரோப்பா வண்டிங்கள்ல இது ரொம்ப சகஜம், பேடு கூட மாறிடும். நம்பர் படிக்கவும் கொஞ்சம் தெரிஞ்சிக்கணும். டொயோட்டா நம்பர்ல முதல் அஞ்சு இலக்கம் அது என்ன சாமான்னு சொல்லும், அடுத்த அஞ்சு எந்த வண்டிக்குன்னு சொல்லும், அதனால முதல் அஞ்சு ஒத்துப் போச்சுன்னு குதிக்கக் கூடாது, அதுக்கு "இதுவும் டிஸ்க்தான்"னு மட்டும்தான் அர்த்தம். ஹோண்டால அஞ்சு, மூணு, மூணுன்னு பிரிச்சு எழுதியிருக்கும், நடு மூணு எழுத்துதான் மாடல். வோக்ஸ்வாகன் குடும்பத்துல இடது வலதுன்னு தனித்தனியா வர்ற சாமானுக்கு பெரும்பாலும் ஒற்றைப்படை நம்பர் இடது, இரட்டைப்படை வலது. அப்புறம் ஒரு விஷயம், காலிப்பர் மேல வார்ப்புலயே புடைச்சுக்கிட்டு இருக்கற நம்பர் அனேகமா வார்ப்பு நம்பர், பார்ட் நம்பர் இல்ல. ஒரே வார்ப்பை எடுத்து ஒண்ணுல சின்ன துளை, ஒண்ணுல பெரிய துளை கடைஞ்சு விடுவாங்க. நான் சொன்ன 51, 54 கூத்து அப்படித்தான் நடந்துச்சு, என் ரெண்டு காலிப்பர்லயும் புடைச்சிருந்த நம்பர் ஒண்ணுதான்.

சரி, டிஸ்க்கை அளக்கறது எப்படி. வெளி விட்டம் எல்லாரும் பாப்பாங்க, அதோட விட்டுடுவாங்க. தடிமன், காத்து ஓட்டை வச்சதா கெட்டியானதா, நடு ஓட்டை, போல்ட் வட்டம் (போல்ட் ஓட்டை மையம் எல்லாம் வழியா போற வட்டத்தோட விட்டம்), அப்புறம் யாருமே பாக்காத ஒண்ணு, தொப்பி உயரம். டிஸ்க்கை கண்ணாடி மேல வச்சா நடுவுல தொப்பி மாதிரி எழும்பி நிக்குது பாருங்க, அந்த உயரம். இது ரெண்டு மில்லிமீட்டர் மாறினா கூட டிஸ்க் காலிப்பர் பிராக்கெட்டுக்கு நடுவுல ஓடாம ஒரு ஓரமா ஓடும். காலிப்பர் நகர்ற மாதிரி இருக்கறதால பேடு போய் பிடிச்சிடும், பிரேக் அடிக்கும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா பிராக்கெட் ஒரு பக்கம் மயிரிழையில நிக்கும், சூடு ஏறினா உரசும்.

நடு ஓட்டையும் அப்படித்தான். நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம்னு சொன்னா டொயோட்டாவும் உண்டு, ஹோண்டாவும் உண்டு, வோக்ஸ்வாகனும் உண்டு, ஆனா நடு ஓட்டை முறையே 54.1, 56.1, 57.1. பெரிய ஓட்டை டிஸ்க்கை சின்ன ஹப்புல, அதாவது டிஸ்க்கும் வீலும் உக்கார்ற நடு பாகத்துல, மாட்டினா மாட்டும், நல்லா வழுக்கிக்கிட்டு உள்ள போகும், ஆனா மையத்துல நிக்காது. ஃபியட்ல 98 மில்லிமீட்டர் வட்டம், கண்ணுக்கு 100க்கும் 98க்கும் வித்தியாசமே தெரியாது, போல்ட்டை இறுக்கினா சாஞ்சுக்கிட்டு உக்காரும். நாலு போல்ட்டை அளக்கறது சுலபம், எதிர் எதிர் ஓட்டையில ஒண்ணோட இடது ஓரத்துல இருந்து இன்னொண்ணோட இடது ஓரம் வரைக்கும். அஞ்சு போல்ட்டுக்கு எதிர் ஓட்டை கிடையாது, பக்கத்து பக்கத்து ரெண்டு ஓட்டை மையத்து தூரத்தை எடுத்து 1.7ஆல பெருக்குங்க, 58.8 வந்தா 100 வட்டம், 67.2 வந்தா 114.3.

தேய்மானம் பாக்கறதுக்கு டிஸ்க்குலயே இதுக்கு கீழ போகக் கூடாதுன்னு ஒரு அளவு செதுக்கியோ வார்த்தோ வச்சிருப்பாங்க, டிரம்முல இதுக்கு மேல விட்டம் போகக் கூடாதுன்னு இருக்கும். துரு ஏறி படிக்க முடியலன்னா கம்பி பிரஷ் போடுங்க. வெர்னியர்னு சொல்ற தாடை வச்ச அளவுகோலால அளக்கறப்ப ஒரு ஏமாத்து வேலை இருக்கு, டிஸ்க் ஓரத்துல தேயாத ஒரு வரம்பு நின்னுக்கிட்டு இருக்கும், வெர்னியர் தாடை அந்த வரம்பு மேல உக்காந்து தடிமன் நிறைய இருக்குன்னு பொய் சொல்லும். ஒரே மாதிரி ரெண்டு நாணயத்தை ரெண்டு பக்கமும் வச்சு சேத்து அளந்துட்டு அப்புறம் நாணயத்தோட தடிமனை கழிச்சிடுங்க. டிரம்மையும் டிஸ்க்கையும் ஒரு கம்பில தொங்க விட்டு சின்ன சுத்தியலால லேசா தட்டிப் பாருங்க, மணி மாதிரி நீட்டி அடிச்சா பரவால்ல, தட்டையா "டக்"குன்னு அடங்கினா விரிசல் இருக்கலாம், வச்சிட்டு வந்துடுங்க.

மரை. இது ஒரு தனி வியாதி. பிரேக் பைப் நட்டு, ஓஸ் முனை இதெல்லாம் பழைய கார்ல எம் 10, அதாவது 10 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மரைக்கு 1 மில்லிமீட்டர்னும் வரும், இஞ்சு கணக்குல 3/8 விட்டம், இஞ்சுக்கு 24 மரைன்னும் வரும். 3/8 இஞ்சுன்னா 9.525 மில்லிமீட்டர், 24 மரைன்னா ஒரு மரைக்கு 1.058 மில்லிமீட்டர், ரெண்டும் அவ்வளவு பக்கம். அதனால ஒண்ணை இன்னொண்ணுல கையாலயே ரெண்டு மூணு சுத்து ஏத்திடலாம், அப்புறம் இறுகும், நாம என்ன பண்ணுவோம், ஸ்பேனரை போட்டு ஒரு இழுப்பு. இல்ல சின்ன நட்டு பெரிய மரையில தொளதொளன்னு போய் உக்காந்து நல்லா இறுகின மாதிரியே இருக்கும், அழுத்தமா ஒரு பிரேக் அடிக்கறப்ப பிடுங்கிக்கும். கையாலயே கடைசி வரைக்கும் போகாத நட்டை ஸ்பேனர் வச்சு போக வைக்காதீங்க, ஆட்டம் குடுக்கற நட்டை இறுக்கி சமாதானம் ஆகாதீங்க. பைப் வாயும் பாருங்க, உள்பக்கம் கூம்பா விரிஞ்ச வாய் ஒரு வகை, வெளிய குமிழ் மாதிரி உருண்ட வாய் ஒரு வகை, ஒண்ணுக்கு வச்ச இடத்துல இன்னொண்ணை வச்சு இறுக்கினா இன்னிக்கு ஒழுகாது, ஒரு மாசம் கழிச்சு ஒழுகும்.

என் மச்சான் கதையை சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. ரெண்டு முன் காலிப்பரையும் நல்ல கண்டிஷன்ல வாங்கினான், நம்பர் பாத்தான், பிஸ்டன் அளந்தான், நான் சொல்லிக் குடுத்த மாதிரி எல்லாம் பண்ணான், மாட்டினான், ஏர் எடுத்தான், அதாவது ஆயில்ல மாட்டின காத்தை வெளிய விட்டான். பெடல் பஞ்சு மாதிரி போகுது. மறுபடி ஏர் எடுத்தான். மூணு நாள், ஆயில் டப்பா டப்பாவா போச்சு, மாஸ்டர் சிலிண்டர் மேல பழியைப் போட்டு அதையும் கழட்டிட்டான். நான் போய் படுத்து பாத்தா ரெண்டு பக்கமும் ஏர் எடுக்கற நிப்பிள் கீழ பாத்துக்கிட்டு இருக்கு. இடதை வலதுலயும் வலதை இடதுலயும் மாட்டியிருக்கான், போல்ட் எல்லாம் அழகா உக்காந்திருக்கு. காத்து மேலதான் போய் நிக்கும், நிப்பிள் கீழ இருந்தா ஆயில் மட்டும் வரும், காத்து உள்ளயே குடியிருக்கும், மூணு நாள் இல்ல மூணு வருஷம் எடுத்தாலும் வராது. மாத்தி மாட்டினோம், கால் மணி நேரத்துல பெடல் நின்னுச்சு. "மாப்ள, நிப்பிள் எங்க பாக்கணும்?"னு இப்ப கூட கேட்டு வம்பிழுப்பேன், போனை கட் பண்ணிடுவான்.

பிரேக் ஆயில் விஷயம் ஒண்ணு சொல்லிடறேன். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூணும் ஒரே வகை, டாட் 5 மட்டும் சிலிக்கான், ஊதா கலர்ல இருக்கும், அதோட மத்ததை கலக்கக் கூடாது. 5க்கும் 5.1க்கும் பேருல இருக்கற புள்ளியை நம்பி நிறைய பேரு ஏமாறுறாங்க. பழைய சித்ரோன் சில மாடல்ல பச்சை கலர் மினரல் ஆயில் ஓடும், அந்த வண்டி ரப்பர் சீலும் நம்ம வண்டி ரப்பர் சீலும் வேற வேற ஜாதி, ஒண்ணுக்கு ஒண்ணு ஆகாது. பழைய காலிப்பரை வாங்கி பெட்ரோல்லயோ டீசல்லயோ கழுவி மாட்டறவங்க இருக்காங்க, சீல் ஊதிப் போயிடும், பிரேக் பிடிச்சா விடாது. அப்புறம் பழைய பிரேக் ஷூ தூசியை ஏர் கன் வச்சு ஊதாதீங்க, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணி போதும்.

சஸ்பென்ஷனுக்கு வரேன். ஸ்பிரிங்கு பாத்தீங்கன்னா கம்பி தடிமனை வெர்னியர்ல அளக்காம யாரும் வாங்கக் கூடாது. கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்குல விறைப்பு ஏறும், 12 மில்லிமீட்டர் கம்பிக்கும் 13 மில்லிமீட்டர் கம்பிக்கும், சுத்தும் வட்டமும் ஒண்ணாவே இருந்தாலும், விறைப்பு 38 சதவீதம் கூட. பெயின்ட் தடியா இருந்தா கம்பியை சுரண்டிட்டு அளங்க. ஸ்பிரிங் மேல சின்னதா கலர் கோடு போட்டிருப்பாங்க, அழகுக்கு இல்ல, எந்த எடைக்குன்னு அர்த்தம், டீசல் இன்ஜின் எடைக்கு ஒண்ணு, பெட்ரோலுக்கு ஒண்ணு, சில வண்டில டிரைவர் பக்கம் வேற. ஒத்தையா மாத்தாதீங்க, ஜோடியா மாத்துங்க, ஒரே வண்டில இருந்து கழட்டின ஜோடியா பாத்து. சுருள் ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்கிக்கிற கம்பியான டார்ஷன் பார் இருக்கற வண்டின்னா முனையில இடது வலதுன்னு அடையாளம் இருக்கும், ஏற்கனவே ஒரு பக்கமா முறுக்கி பழக்கினது, மாத்தி மாட்டினா உடையலாம்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்த ஸ்ட்ரட்டுல நக்கிளை பிடிக்கற ரெண்டு போல்ட்டோட தூரம், போல்ட் தடிமன், ஸ்பிரிங் உக்கார்ற தட்டு எவ்வளவு உயரத்துல இருக்கு, மேல் மவுன்ட், பிரேக் ஓஸ் பிடிக்கற கிளிப்பு, இத்தனையும் பாக்கணும். தட்டு ஒரு பத்து மில்லிமீட்டர் மேல இருந்தா வண்டி அந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். மாட்டினதும் ஜாக்கியில தூக்கி வீலை தொங்க விட்டு ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க, ஓஸ் இழுபடுதா, எங்கயாவது உரசுதான்னு. ஷாக் ராடுல ஆயில் ஈரம், துரு புள்ளி இருந்தா வேண்டாம், ராடை சுத்திப் பாத்து தலை ஆடுதுன்னா வளைஞ்சிருக்கு. உண்மையை சொல்லணும்னா பழைய ஷாக் வாங்கறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல, வேற வழியே இல்லாத வண்டிக்கு மட்டும்தான்.

ஆர்மையும் நக்கிளையும் இணைக்கற பால் ஜாயின்ட், ஸ்டீயரிங்கை நக்கிளோட இணைக்கற டை ராடு எண்டு, இதுங்களோட தண்டு கூம்பா இருக்கும். அந்த கூம்போட சரிவு ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். தப்பான சரிவு உள்ளதை மாட்டினா நட்டு இறுகும், ஆட்டம் தெரியாது, ஆனா கூம்பு ஒரு வளையம் அளவுக்குத்தான் இரும்பைத் தொட்டுக்கிட்டு இருக்கும், கொஞ்ச நாள்ல ஓட்டையே தேஞ்சு நீள்வட்டம் ஆயிடும். கண்டுபிடிக்க ரெண்டு வழி. தண்டு மேல மார்க்கர் மையை மெலிசா பூசி, உள்ள வச்சு ஒரு அழுத்து அழுத்தி லேசா திருப்பி வெளிய எடுத்துப் பாருங்க, மை எல்லா இடமும் அழிஞ்சா சரி, ஒரு கோடு மட்டும் அழிஞ்சா தப்பு. இன்னொண்ணு, நட்டை இறுக்கினதும் நட்டு கழராம தடுக்கற காட்டர் பின்னோட ஓட்டை நட்டோட வெட்டுக்கு நேரா வரணும், ஓட்டை நட்டுக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு நிக்குதுன்னா தண்டு வேணுங்கறதுக்கு மேல உள்ள போயிருக்கு, அது உங்க வண்டி சாமான் இல்ல. சில பேரு வாஷர் போட்டு பின்னை மாட்டிடுவாங்க. வேண்டாங்க.

வீலை கீழ இருந்து வண்டியோட பிடிக்கற லோயர் ஆர்மை ஜோடியா எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு கண்ணாடி பிம்பம் மாதிரி வச்சுப் பாருங்க, அடிபட்ட வண்டில இருந்து வந்ததா இருந்தா வளைவு தெரிஞ்சிடும். வெல்டு வச்ச ஆர்ம், சூடு பண்ணி நிமித்தின ஆர்ம், அலுமினியம் நக்கிள்ல சுத்தியல் தழும்பு, இதெல்லாம் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. ஆர்ம் முனையில இருக்கற ரப்பர் புஷ்ஷோட போல்ட்டை வண்டி தரையில நின்ன பிறகுதான் கடைசியா இறுக்கணும், ஜாக்கியில தொங்கறப்பவே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். இதுக்கும் பொருத்தத்துக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா புஷ் கிழிஞ்சதும் "பழைய சாமான் சரியில்ல"ன்னு பழி அது மேல போகும்.

ஏபிஎஸ் உள்ள வண்டின்னா ஆக்ஸில்லயோ ஹப்புலயோ இருக்கற பல்லு வளையத்துல பல்லை எண்ணுங்க, பெயின்ட்ல ஒரு பல்லுக்கு அடையாளம் வச்சுட்டு எண்ணினா தப்பாது. ஒரு வீல்ல பல்லு மாறினா அந்த வீல் எப்பவும் வேற வேகத்துல ஓடற மாதிரி கம்ப்யூட்டருக்கு தெரியும். பல்லே இல்லாம பேரிங் சீல்லயே காந்தம் வச்ச வகையும் உண்டு, அதை திருப்பி அடிச்சு இறக்கிட்டா சென்சாருக்கு ஒண்ணும் தெரியாது.

பழசுல எதை வாங்கலாம்னு என்னைக் கேட்டா, நக்கிள், ஹப், பிராக்கெட், பேக் பிளேட், அளவு மீதி இருக்கற டிஸ்க் டிரம், நேரா இருக்கற ஆர்ம், சேர்ந்த ஜோடி ஸ்பிரிங், சீல் மாத்தி ரெடி பண்ற எண்ணத்தோட காலிப்பர். ரப்பரும் உரசற சாமானும் வேண்டாம், அதாவது ஓஸ், சீல், பேடு, லைனர், பால் ஜாயின்ட். ஓஸ்ல தேதி அச்சடிச்சிருக்கும், அதைப் படிச்சாலே ஆசை போயிடும்.

மாட்டி முடிச்சு உடனே ரோட்டுக்கு போகாதீங்க. இன்ஜின் நிறுத்தி பெடலை அஞ்சாறு தடவை மிதிச்சு, அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் இருங்க, மெல்ல மெல்ல இறங்கினா எங்கயோ ஒழுகுது இல்ல மாஸ்டர் சிலிண்டர் உள்ள விடுது. அப்படியே மிதிச்சுக்கிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணா பெடல் கொஞ்சம் கீழ போகணும், போகலன்னா மிதிக்கு பலம் கூட்டற பூஸ்டரை பாருங்க. அப்புறம் ஆள் இல்லாத இடத்துல நடக்கற வேகத்துல அடிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் கூட்டி. திரும்பி வந்து நாலு வீலையும் கையை கிட்ட வச்சு சூடு பாருங்க, முன் ரெண்டும் ஒரே மாதிரி, பின் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். எனக்கு அந்த 54 மில்லிமீட்டர் காலிப்பர் பக்கம் எப்பவும் சூடா இருந்துச்சு, வெயில் அந்தப் பக்கம் அடிக்குதுன்னு நினைச்சேன், பாருங்க என் புத்தியை.

ஆசிரியருக்கு ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடறப்ப ஒரு வெர்னியர் படத்தையும் எங்க எங்க அளக்கணும்னு ஒரு படத்தையும் சேத்து போடுங்க, எழுத்துல சொன்னா பாதிதான் போய் சேரும். இன்னொண்ணு பழைய சாமான் விக்கறவங்களுக்கு, உங்க பேப்பரை அவங்களும் படிப்பாங்க. கழட்டறப்பவே எந்த வண்டி, என்ன இன்ஜின், சேசிஸ் நம்பர், இடதா வலதான்னு பெயின்ட் மார்க்கர்ல சாமான் மேலயே எழுதிடுங்க, அரை நிமிஷ வேலை. குவியல்ல போட்டதுக்கு அப்புறம் "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்"னு சொல்றதைத் தவிர உங்களுக்கும் வேற பதில் இருக்காது.

கடிதம் பெரிசாயிடுச்சு, தெரியும். இடம் பத்தலன்னா என் மச்சான் பேச்சை வெட்டிடுங்க, அவனும் சந்தோஷப்படுவான். நிப்பிள் மேல பாக்கணும்ங்கற வரியை மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
பழைய கார் வச்சிருக்கற ஒரு வாசகன்